ஆரஞ்சு மரத்துப் புழு

மாரமங்கலத்துக் குழந்தைக்குப் புழுவைப் புத்தகம்தான் அறிமுகப்படுத்த வேண்டும் என்பதில்லை. சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர் அது. காப்பியும் மிளகும் பலாவும் கொய்யாவும், எங்கோ ஓரத்தில் ஒரு நாரத்தையோ ஆரஞ்சோ வளரும் மலை. எந்த இலையைத் திருப்பினாலும் அடியில் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் இன்று சின்னக் குழந்தைகளிடம் புழுவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் படப் புத்தகத்தை விரித்துத்தான் தொடங்குகிறோம். இதை வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் அந்த மலையில் குழந்தைகள் செடிகொடியோடும் பூச்சிபுழுவோடும் பழகிய விதத்தையும், இன்று பழகும் விதத்தையும் அருகருகே வைத்தால்தான் எது போனது, எது வந்தது என்று புரியும்.

சேர்வராயன் மலையின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். சாமையும் ராகியும் தினையும் அதற்கு முன்பிருந்தே இந்தச் சரிவுகளில் விளைந்தவை. குழந்தையின் உலகம் அந்தத் தானியக் கொல்லையில் தொடங்கியது. பெரியவர்கள் களையெடுக்கப் போனால் குழந்தையும் கூடப் போகும். ஓடத் தெரிந்ததும் கதிரில் இறங்கும் குருவியை விரட்டுவது அதன் வேலை. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் ஆடு மேய்ப்பது. எந்தப் பழத்தைத் தின்னலாம், எந்தச் செடி பட்டால் அரிக்கும், மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையை எப்படிக் கழற்றுவது, காட்டெருமை நிற்கும் பக்கம் ஏன் போகக் கூடாது என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கை முதலில் கற்றுக்கொண்டது, பெயர் பிறகு வந்தது.

விளையாட்டுச் சாமானும் அங்கிருந்தே வந்தது. மூங்கில் துண்டில் சின்னக் காயை அடைத்து, குச்சியால் தள்ளினால் டப்பென்று வெடிக்கும். வீட்டோரப் புழுதியில் சின்னச் சின்னக் குழி தோண்டிக் கிடக்கும் குழியானையை ஊதி வெளியே வரவழைப்பார்கள். பொன்வண்டு எல்லாவற்றுக்கும் ராஜா. மலையடிவாரத்திலும் கீழே சேலத்துக் கிராமங்களிலும் வளர்ந்த ஒரு தலைமுறையே அதைத் தீப்பெட்டியில் வைத்திருந்தது. பச்சையும் பொன்னுமாக மின்னும் முதுகு, பெட்டிக்குள் நாலு இலை, காலையில் திறந்தால் மஞ்சள் நிறத்தில் முட்டைகள். அந்த முட்டையைப் பார்த்த பூரிப்பு இன்றும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களின் பேச்சில் வந்துபோகிறது. ஆனால் அந்த முட்டை பொரிந்ததை அநேகமாக யாரும் பார்த்ததில்லை. பொன்வண்டின் புழு மண்ணுக்கடியில் வேரைத் தின்று வளர்வது. தீப்பெட்டிக்குள் அதற்கு வாழ்வு கிடையாது. கொஞ்ச நாளில் வண்டும் செத்துப்போகும். குழந்தை அடுத்த வண்டைத் தேடிப் போகும்.

அந்தக் காலத்துக் கற்றலின் பலமும் குறையும் இந்தத் தீப்பெட்டியிலேயே தெரிகிறது. உயிர் கையில் இருந்தது. தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், பயம் தெளிந்தார்கள். அதன் வாழ்க்கை முழுவதையும் தொடர்ந்து பார்க்கவும், பார்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரோடு பேசவும் வழி இருக்கவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆடு மேய்த்த குழந்தை காட்டை அறிந்தது உண்மை. மேய்த்ததால் பள்ளிக்குப் போகாமல் நின்றதும் உண்மை. குருவி விரட்டுவது விளையாட்டாகவும் இருந்தது. விரட்டாவிட்டால் அந்த வருடச் சோறு குறையும் என்பதும் இருந்தது. இன்று அந்தப் பாரம் பெருமளவு இறங்கியிருப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

பள்ளி வந்தபோது நடந்தது வேறு. சுதந்திரத்துக்குப் பிறகு அரசுப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் மலைகளில் எழுந்தன. பாடப்புத்தகம் மாநிலம் முழுமைக்கும் ஒன்றே. அதில் வயல் என்றால் நெல் வயல், மரம் என்றால் தென்னை. சாமைக்கு அதில் ஒரு வரி கிடைத்தாலும் அதிகம். கீழேயிருந்து மலையேறி வரும் ஆசிரியருக்கு இந்த மலையின் செடிகள் புதியவை. குழந்தைக்கோ அவை கூடப் பிறந்தவை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை ஆசிரியரிடம் இருந்தது, அவர் கேட்டது புத்தகத்தில் இருந்ததை. ஆறு வயதுக்குள் அறுபது செடிகளை அடையாளம் காணும் ஒரு குழந்தை, வகுப்பில் ஒன்றும் தெரியாததாக உட்கார்ந்திருந்தது. அதற்குத் தெரிந்ததைப் பள்ளி கேட்கவே இல்லை. இந்த இழப்பைப் பற்றித் தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

இந்த மலையைப் படமாக வரைந்தவர்கள் இல்லாமலில்லை. சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன் தென்னிந்திய மலை நகரங்களின் தாவரங்களைப் பற்றிய தம்முடைய பெருநூலை 1932-இல் வெளியிட்டார். உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலோடு ஏற்காடும் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ஏராளமான கோட்டோவியங்கள். ஆனால் அது ஆங்கிலத்தில், வெயிலுக்கு மலையேறி வந்த படித்தவர்களுக்காக எழுதப்பட்டது. சேர்வராயன் மலைச் செடிகள் படப் புத்தகத்துக்குள் போய்விட்டன. சேர்வராயன் மலைக் குழந்தையின் கைக்கு அந்தப் படம் வரவில்லை.

அதே காலத்தில் இன்னொரு மலையில் வேறொன்று நடந்தது. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர் மூண்டதால் நாடு திரும்ப முடியாமல் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். மகன் மாரியோவும் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவும் உடனிருந்தார்கள். குழந்தைகளை வெளியே அழைத்துப் போனார்கள். இலையும் பூவும் பூச்சியும் பொறுக்கி வந்து வகைபிரித்தார்கள். செடிகளையும் விலங்குகளையும் பற்றிய மாண்டிசோரி பாடப்பொருள்கள் பல அந்த மலையில்தான் உருப்பெற்றன. உலகமெங்கும் மாண்டிசோரி பள்ளிகளில் மூன்று வயதுக் குழந்தை இலையின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதற்கும் கொடைக்கானல் இருக்கும் நம் பழனிமலைக்கும் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்த முறை பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மலையாளிக் குழந்தைக்குக் கிடைத்தது சிலேட்டும் உரக்கச் சொல்லும் வாய்ப்பாடும்.

படப் புத்தகம் தமிழில் எப்போது பரவலாக வந்தது? பெரியவர்களிடம் கேட்டால் சோவியத் புத்தகங்களைச் சொல்வார்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மிகக் குறைந்த விலையில், வழவழப்பான தாளில், கரடியும் பனியும் பிர்ச் மரமுமாக வந்தவை. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு அந்த வரத்து நின்றது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசையில் பறவைகளும் நதிகளும் தமிழில் வந்தன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் துளிர் இதழைத் தொடங்கியது. இவற்றில் பெரும்பாலானவை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை. நாலு வயதுக் குழந்தை மடியில் வைத்துப் புரட்டும் புத்தகம் என்பது, சென்னையில் தாரா, துளிகா போன்ற பதிப்பகங்கள் 1990-களில் வந்த பிறகே தமிழில் நிலையாக வேர்பிடித்தது. மலைக்கு வர இன்னும் நாளானது.

குழந்தைகளை இயற்கையோடு பழக வைக்கும் விளையாட்டுக்கு இன்று உலகெங்கும் அதிகம் எடுத்தாளப்படும் படப் புத்தகம் எரிக் கார்ல் வரைந்து எழுதியது. பசி அடங்காத ஒரு புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிளில் தொடங்கி, நாளுக்கொரு பழம் கூட்டித் தின்று, சனிக்கிழமை கேக்கும் ஐஸ்கிரீமுமாகத் தின்று வயிறு வலித்து, கடைசியில் வண்ணத்துப்பூச்சியாகும் கதை. 1969-இல் வெளிவந்தது, 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் 5 கோடிக்கும் மேல் விற்றது. புழு தின்ற இடத்தில் தாளிலேயே ஓட்டை இருக்கும். குழந்தை விரலை விட்டுப் பார்க்கும். அந்த ஓட்டைகளை அமெரிக்காவில் கட்டுப்படியாகும் விலைக்குப் போட்டுத்தர ஆள் கிடைக்காமல், ஜப்பானில் அச்சிட்டார்கள்.

எனக்கு அந்தப் புத்தகத்தைவிட அது பிறந்த இடம் முக்கியமாகப் படுகிறது. 1929-இல் அமெரிக்காவில் பிறந்து ஆறு வயதில் ஜெர்மனிக்குப் போனவர் கார்ல். சின்ன வயதில் அப்பா அவரைக் கையைப் பிடித்துக் காட்டுக்கும் வயல்வெளிக்கும் அழைத்துப் போவாராம். கல்லைப் புரட்டி, மரப்பட்டையை உரித்து, அடியில் ஊரும் உயிர்களைக் காட்டி, அவற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு, திரும்ப அதே இடத்தில் விட்டுவிடுவாராம். பிற்காலப் புத்தகங்களில் வரும் சின்ன உயிர்களெல்லாம் அப்பாவோடு நடந்த அந்த நடையிலிருந்து வந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு தகப்பன் கல்லைப் புரட்டியதால் வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, நாம் குழந்தையைக் கல்லைப் புரட்டவிடாமல் வகுப்பறைக்குள்ளேயே உட்கார வைத்தால் எப்படி?

பல இடங்களில் அதுதான் நடக்கிறது. புத்தகத்தைப் படித்ததும் தெர்மாகோல் உருண்டைகளைக் கோத்துப் புழு செய்கிறார்கள். பச்சைச் சாயம், கண்ணுக்கு இரண்டு பொட்டு, காலுக்குக் கம்பி. அதைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்துப் பெற்றோருக்கு அனுப்புகிறார்கள். கைவேலை நல்லதுதான், விரல் பழகும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நாரத்தை இலையில் அசல் புழு தின்றுகொண்டிருக்கும்போது உள்ளே தெர்மாகோலைக் கோத்தால், அதை இயற்கைச் செயல்பாடு என்று நான் ஏற்க மாட்டேன். அன்றைக்குக் குழந்தையிடம் உயிர் இருந்தது, படம் இல்லை. இன்றைக்குப் படம் இருக்கிறது. உயிர் இருக்கும் இடத்துக்கு நாம் கூட்டிப் போவதில்லை. லண்டனில் தமிழ்க் குழந்தைகளுக்காக இதே புத்தகம் தமிழும் ஆங்கிலமுமாக வந்திருக்கிறது. அங்குள்ள பள்ளிகள் பலவற்றுக்குக் கோடை தொடங்கும்போது தபாலில் ஒரு கிண்ணம் வரும். உள்ளே செயற்கை உணவும் நாலைந்து புழுக்களும் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய புழுவை வகுப்பே கூடி வளர்த்துப் பறக்கவிடும். மாரமங்கலத்தில் அதற்குக் காசும் வேண்டாம், தபாலும் வேண்டாம்.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மழை பெய்து ஆரஞ்சு, நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவை தளிர்விடும் பருவம் ஏற்றது. தளிரின் மேல் வெளிர்மஞ்சளாக, கடுகைவிடச் சிறிய உருண்டை ஒட்டியிருக்கும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டை. பொரிந்து வரும் குட்டிப் புழு, பழுப்பும் வெள்ளையுமாக, பார்க்கப் பறவை எச்சமாகவே தெரியும். தின்ன வரும் குருவியை ஏமாற்றும் வேடம் அது. நாலு முறை தோலுரித்தபின் இலைப்பச்சைக்கு மாறிவிடும். அப்போது குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு நெடி வரும். ஒருமுறை இதைப் பார்த்த குழந்தை வாழ்நாளில் மறக்காது.

புழு இருக்கும் கிளையை நுனியோடு ஒடித்து, தண்ணீர் நிரப்பிய சின்னப் பாட்டிலில் செருக வேண்டும். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு இறங்கித் தண்ணீரில் விழுந்து சாகும். சுற்றிலும் பழைய வெள்ளைப் புடவைத் துணியோ கொசுவலைத் துண்டோ போதும். தினமும் புதுத் தளிர் வைக்க வேண்டும், எச்சத்தைப் பெருக்க வேண்டும். இந்த வேலையை ஐந்து வயதுக் குழந்தைகளிடமே முறைவைத்து விட்டுவிடலாம். இன்று எத்தனை இலை போட்டோம், எத்தனை மிச்சம் என்று கரும்பலகையில் கோடு போட்டால் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

இந்த இடத்தில் புத்தகத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். புத்தகத்துப் புழு வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சுப் பழம் தின்னும். நம் புழுவுக்கு ஆரஞ்சுப் பழத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறெடுத்தும் பார்க்காது. கொய்யா இலை வைத்தாலும் தொடாது. அதற்கு வேண்டியது ஆரஞ்சுக் குடும்பத்தின் இலை மட்டும். எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஊரும் புழுவுக்கு எருக்கும் அதன் இனச் செடிகளும் மட்டும். ஆடுதீண்டாப்பாளையில் ஒன்று, அரளியில் ஒன்று. அரளிப் புழு கூட்டுப்புழுவாகும்போது வெள்ளிக் குண்டலம் தொங்குவதுபோல் மின்னும். ஒவ்வொரு புழுவுக்கும் தனித்தனிச் செடி வேண்டும் என்பதைக் குழந்தையே சோதித்துக் கண்டுபிடித்துவிட்டால், சூழலியலின் அடிப்படைப் பாடம் அங்கே முடிந்தது. புத்தகத்தில் புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். நம் புழு கூடு கட்டாது. இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். புத்தகத்தில் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்துத் திருத்தும் துணிச்சல் ஆறு வயதில் கிடைத்தால் அதைவிடப் பெரிய கல்வி என்ன இருக்கிறது? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வகுப்பில் வாய்மூடி உட்கார்ந்திருந்த குழந்தைக்கு இந்த வாய்ப்புத்தான் மறுக்கப்பட்டது.

முட்டையிலிருந்து பறக்கும்வரை மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம் ஆகலாம். வெளிவருவது பெரும்பாலும் காலை வேளை. சிறகு சுருங்கி ஈரமாக இருக்கும். விரியும்வரை தொடக் கூடாது. வெளிவந்ததும் செந்நிறத்தில் சொட்டு நீர் விடும். இரத்தம் என்று குழந்தைகள் பயப்படுவார்கள், அது கழிவு என்று முன்பே சொல்லிவைப்பது நல்லது. சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக, புழுவுக்குள்ளேயே வளர்ந்த குட்டிக் குளவிகள் வெளியே வரும். ஆசிரியர் அதை மறைத்துவிட்டு வேறு புழுவை வைத்துவிடக் கூடாது என்பது என் பிடிவாதம். காட்டில் நடப்பதும் அதுதான். கொல்லையில் வளர்ந்த அன்றைய குழந்தை இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தது.

எச்சரிக்கையும் வேண்டும். மயிர் அடர்ந்த புழு எதையும் கையால் தொடவிடாதீர்கள். முருங்கை மரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சி பட்டால் தடித்துப்போய் அரிக்கும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, அரளி வாயில் படக் கூடாது. காப்புக்காட்டுக்குள் போய் எதையும் பிடித்து வர வேண்டாம். வேலியோரச் செடியே போதும்.

புழு ஒரு தொடக்கம்தான். காப்பி பூப்பதைக் கொண்டே இன்னொரு பாடம் நடத்தலாம். கோடை மழை பெய்த நாளை நாட்காட்டியில் வட்டமிட வேண்டும். எட்டிலிருந்து பத்து நாளுக்குள் மலைச் சரிவு முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். எத்தனையாவது நாள் மணம் வந்தது, எத்தனையாவது நாள் பூ வாடியது என்று எண்ணலாம். தேனீ எப்போது வந்தது என்றும் பார்க்கலாம். இதற்குப் படப் புத்தகம்கூட வேண்டாம், வீட்டில் காப்பி பறிக்கும் அம்மாவையே வகுப்புக்கு அழைக்கலாம். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி எழுதுவதுதான் அதன் வேலை. பாட்டனார் காலத்தில் கதிரைக் காக்க விரட்டிய பறவையைப் பேரப்பிள்ளை எண்ணி எழுதுகிறது. இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பள்ளியும் மாறித்தான் இருக்கிறது. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் போனது. குழந்தையின் உயரத்துக்குத் தாழ்ந்த கரும்பலகைகளும், அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் வகுப்புக்குள் வந்தன. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டும் பொம்மலாட்டமுமாகச் சின்ன வகுப்புகளை நடத்தச் சொல்கிறது. அதையடுத்து வந்த வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து, குட்டிக் குட்டிப் படப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. பூட்டிய பீரோவுக்குள் புத்தகம் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் இந்தத் திட்டங்கள் எதுவும் பள்ளி வாசலைத் தாண்டி வெளியே போகச் சொல்லி ஆசிரியரைக் கட்டாயப்படுத்துவதில்லை. மதிப்பீடும் பதிவேடும் கைப்பேசிச் செயலியும் முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில்தான் மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கிறது. இதில் ஆசிரியரைக் குறை சொல்ல நியாயமில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் வெளியில் என்று கால அட்டவணையிலேயே எழுதிவிட்டால் பாதிக் கஷ்டம் தீரும்.

செய்து காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், இதே மலையாளி மக்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் கற்றல் மையம் துளிர் (அறிவியல் இதழுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்). நாகர்கூடலில் புவிதம் பள்ளி சூரியனையும் மண்ணையும் நீரையும் காற்றையுமே பாடத்தின் நடுவில் வைக்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்துக் குக்கூ காட்டுப்பள்ளி, ஓவியம் நிறைந்த தும்பி சிறார் இதழைக் கொண்டுவந்தது. சேர்வராயன் மலைக்கு அதிகத் தொலைவில்லாத இடங்களில் நடக்கும் வேலை இது. மாரமங்கலத்துக்கு மட்டும் முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

காரணம் என்று ஏதாவது வருமானால் அது மலையின் பக்கமிருந்து வரும். ஏற்காட்டின் பெயரோடு ஒட்டியிருந்த கமலா ஆரஞ்சு நோயால் வெகுவாகக் குறைந்துவிட்டது. காப்பிக்கு நிழல் தந்த பழைய மரங்கள் பல இடங்களில் போய், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நேர்க்கோடாக நிற்கிறது. மிளகு ஏற அது வசதி, வெட்டி விற்கவும் வசதி. நம் பூச்சிபுழுக்களில் அதை உண்ணப் பழகியவை மிகக் குறைவு. மேட்டு நிலங்களில் பாக்சைட் வெட்டியெடுத்த காயம் இருக்கிறது. சாமைக் கொல்லை சுருங்கிவிட்டது. ஆகவே படப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போகும் குழந்தைக்கு, பாட்டி கண்ட அத்தனையும் இன்று கிடைக்காது. பாட்டியையும் அழைத்துப் போனால், எந்த இடத்தில் எது இருந்தது என்றாவது தெரியும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமலிருக்கலாம். இந்த வகுப்புக்கு அவர்தான் ஆசிரியர்.

நான் காத்திருப்பது வேறொரு புத்தகத்துக்காக. பதினாறே பக்கம் போதும். சாமைக் கதிர், அதில் இறங்கும் குருவி, மழை நாளில் காலில் ஏறும் அட்டை, காப்பிப் பூ, பலாச்சுளையைத் தேடி வரும் குரங்கு, ஆரஞ்சு இலையில் பறவை எச்சமாக நடிக்கும் புழு. பாட்டிகள் சொல்ல, குழந்தைகள் வரைய, அந்த ஊர்ப் பேச்சிலேயே எழுத வேண்டும். வாசிப்பு இயக்கத்தின் நுழை வரிசையில் ஒரு புத்தகத்தின் அளவுதான் அது. மொழியும் தாளும் அச்சும் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இது நடக்க மாவட்ட நிர்வாகமோ ஒரு பதிப்பகமோ ஆர்வமுள்ள நாலு ஆசிரியர்களோ போதும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. வரும் ஆடி மழைக்குள் பள்ளி வேலியோரம் இரண்டு நாரத்தைக் கன்றும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நட்டுவிடலாம். அவை காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிட விரும்பித் தேடுவது முழங்கால் உயரக் கன்றின் இளந்தளிரைத்தான். கன்று தளிர்விடும் முதல் பருவத்திலேயே வந்துவிடும்.